பிளேட்டோவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை

பிறையில் வீடு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, டிப்ளோமாவோடு படிப்பு நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கைப்பேசியில் பழைய கிரேக்க, ரோமானிய மரபான ஸ்டோயிக் தத்துவம் பற்றிய குட்டிக் காணொளிகளைப் பார்க்க ஆரம்பித்து, நாளுக்கு ஒரு பக்கம் என்று படிக்கிற ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கி, பாதியில் 'இவ்வளவுதானா?' என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. பிளேட்டோ தொடங்கி வரிசையாகப் படிக்க வேண்டுமா, பொது வாசகருக்காக எழுதப்படும் புத்தகங்கள் உண்மையான தத்துவமா அல்லது நீர்த்துப்போன சரக்கா, தமிழில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கும் தங்கையைப் பற்றியும் ஒரு கேள்வி. கோலாலம்பூரில் நண்பர்களோடு உட்கார்ந்து இந்த வகைப் புத்தகங்களைப் பல காலமாகப் படித்து வருகிறவன் நான். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், தம்பி.

முதலில் வரிசை. அது வேண்டாம். பிளேட்டோவில் உற்சாகமாகத் தொடங்கி அரிஸ்டாட்டிலில் மூச்சுத்திணறி நின்றுபோனவர்கள் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள். உங்களை எந்தக் கேள்வி தூங்கவிடாமல் செய்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். செத்த பிறகு என்ன, என் முடிவுகளை உண்மையிலேயே நான்தான் எடுக்கிறேனா, ஒருவன் பத்து வீடு வைத்திருக்கும்போது இன்னொருவன் வாடகைக்குத் திண்டாடுவது நியாயமா, எதுவாகவும் இருக்கட்டும். வரலாறு அப்புறம் தானாக வந்து சேரும். யாரோடு யார் எதற்காக மோதினார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்த பிறகு வரலாற்றுப் புத்தகம் இனிக்கும். அதற்கு முன்னால் அது பெயர்ப்பட்டியலாகத்தான் தெரியும்.

பொது வாசகருக்கான புத்தகம் எதைக் கையில் எடுத்தாலும் நான் ஒன்றைத்தான் தேடுவேன். அது சொல்லும் முடிவோடு ஒத்துப்போகாதவன் ஒருவன் அந்தப் பக்கங்களில் இருக்கிறானா? அவனே படித்தாலும் 'ஆமாம், நான் சொல்வது இதுதான்' என்று ஒத்துக்கொள்ளும் அளவுக்கு அவனுடைய வாதம் வலுவாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? இருந்தால், மொழி எவ்வளவு எளிதாக இருந்தாலும் அது தத்துவம். இல்லையென்றால், மேற்கோள்கள் எவ்வளவு கனமாக இருந்தாலும் அது உபதேசம். உபதேசம் கெட்டதென்று நான் சொல்லவில்லை, சோர்ந்த நாளில் அதுவும் கை கொடுக்கும். ஆனால் உங்களுக்கு 'இவ்வளவுதானா?' என்று தோன்றியதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நாளுக்கு ஒரு பக்கம் தரும் புத்தகத்தில் மறுப்பவன் வந்து உட்கார இடமே இருக்காது.

இந்த அளவுகோலை நான் ஐரோப்பாவிலிருந்து எடுக்கவில்லை. அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் 'சிவஞான சித்தியார்' என்ற சைவ சித்தாந்த நூலை எழுதியபோது நூலை இரண்டாகப் பிரித்தார். பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுக்கும் பரபக்கம் முதலில், தம் கொள்கையை நிறுவும் சுபக்கம் அடுத்து. பரபக்கத்தில் முதல் ஆளாக வந்து நிற்பவன் கடவுளும் இல்லை, மறுபிறப்பும் இல்லை என்கிற உலகாயதன். இங்குள்ள கோயில்களில் நடக்கும் சித்தாந்த வகுப்புகள் சிலவற்றில் நேரம் போதவில்லை என்று பரபக்கத்தைத் தாண்டிவிட்டு நேராகச் சுபக்கத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். எதிராளியைக் கேட்காமல் வந்த முடிவை அந்த நூலாசிரியரே முடிவாகக் கருதவில்லையே.

சரி, நீர்த்த சரக்கா என்ற கேள்வி. ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 'த பிராப்ளம்ஸ் ஆஃப் ஃபிலாசஃபி' என்ற சிறு நூலை 1912இல் 'ஹோம் யுனிவர்சிட்டி லைப்ரரி' என்ற மலிவு விலை வரிசையில் வெளியிட்டார். அதே ஆண்டுகளில்தான் கணித அறிஞர் வைட்ஹெட்டோடு சேர்ந்து கணிதத்தின் அடிப்படை பற்றிய மூன்று பெரிய தொகுதிகளை அவர் வெளியிட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தொகுதிகளை முழுதாகப் படித்தவர்கள் உலகத்தில் மிகக் குறைவு. சிறு நூல் நூறு ஆண்டு தாண்டியும் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. வில் டியூரண்டின் 'த ஸ்டோரி ஆஃப் ஃபிலாசஃபி' 1926இல் வந்தது. நியூயார்க்கில் 'லேபர் டெம்பிள்' என்ற இடத்தில் தொழிலாளர்களுக்கு அவர் நடத்திய சொற்பொழிவுகள்தான் அதன் மூலம். அவற்றை அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பதிப்பாளர் ஐந்து சென்ட் விலையில் நீல அட்டைக் குறுநூல்களாக முதலில் போட்டார். வேலை முடிந்து களைத்து வரும் மனிதருக்காகவே பிறந்த வகை இது. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு இதைப் படிக்க நினைப்பதில் நீங்கள் தயங்க ஒன்றுமில்லை.

நம் பக்கமும் அதே காலத்தில் சும்மா இருக்கவில்லை. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கி மலாயா முழுக்கச் சுற்றிப் பேசினார். கடவுள் நம்பிக்கைக்கு எதிராக ரஸ்ஸல் 1927இல் லண்டனில் ஆற்றிய உரையைக் குத்தூசி குருசாமி 'நான் ஏன் கிறிஸ்தவனல்ல?' என்று தமிழில் கொண்டுவந்தார். தமிழ் வாசகன் மேற்கத்திய வாதம் ஒன்றைத் தன் மொழியில் படித்துத் தன் ஊர்ச் சண்டைக்குப் பயன்படுத்தியது அப்போதே நடந்திருக்கிறது.

இப்போது எந்தப் புத்தகம் என்று சொல்கிறேன். ஒரே ஒரு புத்தகம் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் தாமஸ் நேகலின் 'வாட் டஸ் இட் ஆல் மீன்?' வாங்குங்கள். 1987இல் வந்தது. ஏறக்குறைய நூறு பக்கம்தான். பெரிய தத்துவவாதிகள் யார் என்ன சொன்னார்கள் என்ற பேச்சையே எடுக்காமல் ஒன்பது கேள்விகளை எடுத்துக்கொள்கிறார். நமக்கு எதுவாவது உறுதியாகத் தெரியுமா, மற்றவருக்கும் மனம் இருக்கிறதென்று எப்படித் தெரியும், மனமும் மூளையும் ஒன்றா, சொல்லுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது, விருப்பச் சுதந்திரம், சரியும் தவறும், நீதி, மரணம், வாழ்க்கையின் அர்த்தம். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பேசி உங்களை நம்பவைப்பார், அடுத்த பக்கத்தில் மறுப்பவனை வரவழைப்பார். பெரும்பாலும் தீர்ப்பு சொல்லாமல் விட்டுவிடுவார். முதல் தடவை படிக்கும்போது இது எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலோடு கொஞ்ச நேரம் இருங்கள்.

மனமும் மூளையும் பற்றிய நான்காம் அத்தியாயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நீங்கள் சாக்லேட் சாப்பிடும்போது ஒரு விஞ்ஞானி உங்கள் மண்டையைத் திறந்து பார்த்தால் நரம்பணுக்களைத்தான் பார்ப்பார், சாக்லேட்டின் சுவையை அங்கே பார்க்க முடியாது என்கிறார் நேகல். அவர் பித்துப்பிடித்து உங்கள் மூளையை நக்கிப் பார்த்தாலும் அது சாக்லேட் போல இனிக்காது. அப்படியே இனித்தாலும் அது அவருடைய அனுபவமாகத்தான் இருக்கும், உங்களுடையதாகாது. அப்படியென்றால் சுவை எங்கே இருக்கிறது? உடனே ஆன்மா என்று ஒன்று தனியாக இருப்பதாக முடிவு கட்டிவிடலாமா? அதிலும் சிக்கல் இருக்கிறது என்று அடுத்த பக்கங்கள் போகும்.

இதைப் படித்த கையோடு 'மணிமேகலை'யின் 27ஆம் காதையை எடுங்கள். 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை' என்று பெயர். வஞ்சி நகரத்தில் மணிமேகலை ஆண் துறவி வடிவத்தில் போய், அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் 'உன் கொள்கையைச் சொல்' என்று கேட்கிறாள். கடைசியாக வரும் பூதவாதி சொல்வதைக் கவனியுங்கள். ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றையும் கூட்டினால் கள்ளில் வெறி பிறப்பதைப் போல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, அவை பிரிந்தால் பறையின் ஓசை போல இல்லாமல் போகிறது என்கிறான். தனித்தனியாக எதிலும் இல்லாத ஒன்று சேர்க்கையில் தோன்றுகிறது. மூளையைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் பெரிய பெரிய சொற்களில் நடத்தும் விவாதத்தின் கரு இதுதான். நூலை எழுதிய சாத்தனார் பௌத்தர். இந்த வாதத்தில் அவருக்கு உடன்பாடு கிடையாது. இருந்தும் எதிராளிக்கு இவ்வளவு நல்ல உவமையைக் கொடுத்திருக்கிறார் பாருங்கள், அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

மணிமேகலையின் பதிலும் சாதாரணமானதில்லை. கண்ணால் கண்டதைத்தான் ஏற்பேன், அனுமானத்தை ஏற்கமாட்டேன் என்கிறான் பூதவாதி. அவள் சிரித்துக்கொண்டே, உன் தாய் தந்தை யாரென்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்டுவிடுகிறாள். ஒரே கேள்வியில் அவனுடைய அளவையே, அதாவது எதை அறிவென்று ஏற்பது என்பதற்கு அவன் வைத்த வழியே, ஆட்டம் காண்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்தப் பதில் 'காட்சி மட்டுமே அளவை' என்பதைத்தான் அடிக்கிறது. உணர்வு பூதச் சேர்க்கையில் பிறக்கிறது என்ற வாதம் அதனால் விழுந்துவிட்டதா? எங்கள் வட்டத்தில் இதை வைத்து ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறோம், இன்னும் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறோம். உரையோடு படியுங்கள். ந.மு. வேங்கடசாமி நாட்டாரும் ஔவை துரைசாமிப் பிள்ளையும் சேர்ந்து எழுதிய உரையில், தத்துவம் அடர்ந்த கடைசி நான்கு காதைகளுக்கு உரை செய்தவர் ஔவை. பொறுமையாக எழுதியிருப்பார். மூலம் மதுரைத் திட்டத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகவே இருக்கிறது.

நேகலுக்கு அடுத்து ரஸ்ஸலின் 1912 நூலுக்குப் போகலாம். முதல் பக்கத்திலேயே எதிரில் இருக்கும் மேசையைக் காட்டி, இதன் உண்மையான நிறம் எது, வடிவம் எது என்று கேட்டு உங்கள் நிச்சயத்தைக் குலைத்துவிடுவார். தினமும் தீனி போட்ட கை ஒருநாள் கழுத்தைத் திருகும் என்பதை அறியாத கோழியின் உதாரணம் இந்த நூலில்தான் வருகிறது. நேற்று வரை நடந்தது நாளையும் நடக்கும் என்று நம்புவதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்விக்காகச் சொல்வது. நடுவில் சில அத்தியாயங்கள் கடினம், தாண்டிப் போகலாம். தத்துவத்தால் என்ன பயன் என்பது பற்றிய கடைசி அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வரலாற்று நூல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டியூரண்ட் அழகாக எழுதுவார், ஆனால் அரிஸ்டாட்டிலிலிருந்து ஒரே தாவலில் பிரான்சிஸ் பேக்கனுக்குப் போய்விடுவார். நடுவில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் மேல் காணாமல் போகும். ரஸ்ஸல் 1945இல் எழுதிய மேற்கத்தியத் தத்துவ வரலாறு சுவையானது, நீட்சே போன்றவர்களிடம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. எதிராளிக்கு இடம் தரும் விஷயத்தில் அவருடைய சிறு நூலே அந்தப் பெரிய நூலைவிட மேல். நைஜல் வார்பர்ட்டனின் 'எ லிட்டில் ஹிஸ்டரி ஆஃப் ஃபிலாசஃபி' 2011இல் வந்தது, 40 குட்டி அத்தியாயங்கள், பினாங்குப் பாலத்தைத் தாண்டும் பேருந்துப் பயணத்தில் ஒன்று முடித்துவிடலாம். தமிழிலேயே வேண்டுமென்றால் நார்வேக்காரர் யொஸ்டெய்ன் கார்டெர் 1991இல் எழுதிய நாவல் 'சோஃபியின் உலகம்' என்று ஆர். சிவகுமார் மொழிபெயர்ப்பில் காலச்சுவடு வெளியீடாக இருக்கிறது. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு 'நீ யார்?', 'உலகம் எங்கிருந்து வந்தது?' என்று கடிதங்கள் வரத் தொடங்குவதில் ஆரம்பிக்கும். கார்டெர் பள்ளியில் தத்துவம் கற்பித்தவர், அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். இந்தியா, சீனா பக்கம் அவர் அதிகம் வரமாட்டார் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இனி நீங்கள் தொடங்கிய ஸ்டோயிக் விஷயம். இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் இளைஞர்கள் பலர் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். வாசல் நல்ல வாசல்தான். எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர். தாம் ஒன்றும் எழுதவில்லை, மாணவர் அர்ரியன் குறித்து வைத்ததுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. செனகா நீரோ மன்னனின் ஆலோசகர், பெரும் பணக்காரர், அதே மன்னனின் ஆணையால் கி.பி. 65இல் தன் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தவர். மார்க்கஸ் அரேலியஸ் பேரரசர், போர்முகாமில் தனக்குத் தானே கிரேக்க மொழியில் குறிப்பெழுதிக்கொண்டவர். அடிமையும் பேரரசனும் ஒரே கொள்கையில் வந்து நின்றது சிறிய விஷயமில்லை.

காணொளிகள் இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வது ஒரு பாதியை. உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரி, இல்லாததைப் பற்றி அலட்டிக்கொள்ளாதே. நல்லது. ஆனால் அவர்கள் அதை எதன்மேல் கட்டினார்கள்? உலகம் முழுவதும் ஒரு பகுத்தறிவால் இயங்குகிறது, நடப்பதெல்லாம் அந்த ஒழுங்கின் பகுதி என்ற நம்பிக்கையின்மேல். அந்த நம்பிக்கை உங்களுக்கு இல்லையென்றால் மேலே கட்டியது எதில் நிற்கும்? இன்னொன்று, அறம் ஒன்றே நன்மை, உடல்நலமும் பணமும் பிள்ளைகளும்கூட உண்மையான நன்மைகளில் சேராது என்றார்கள். இதை நீங்கள் ஏற்கிறீர்களா? அரிஸ்டாட்டில் வழிவந்தவர்கள் ஏற்கவில்லை. தேனடைக்கு நன்மை தராதது தேனீக்கும் நன்மை தராது என்று மார்க்கஸ் எழுதியதைப் பலர் மேற்கோள் காட்டுவதில்லை. ஸ்டோயிக்குகளுக்குப் பிறர்மேல் கடமை மையமான விஷயம். ஓவர்டைம் பணத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றால், மனத்தை அடக்கிக்கொண்டு சும்மா இரு என்று எபிக்டெட்டஸ் சொல்வாரா, உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு நீ செய்ய வேண்டியது என்ன என்று கேட்பாரா? படித்துப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள். எனக்கு இரண்டாவது என்றுதான் படுகிறது.

ஆகவே நாளொரு பக்கப் புத்தகத்தை வைத்துவிட்டு மூலத்துக்கே போங்கள். எபிக்டெட்டஸின் கையேடு ஐம்பது சொச்சம் சின்னப் பத்திகள்தான், ஒரு மாலையில் முடியும். மார்க்கஸை ராஜாஜி 'ஆத்ம சிந்தனை' என்று தமிழில் தந்திருக்கிறார். சாக்ரடீஸைப் பற்றியும் 'சோக்ரதர்' என்று எழுதியிருக்கிறார். மறுப்பவனைக் கேட்க வேண்டுமா, ரோமானியர் சிசரோ கி.மு. 45இல் எழுதிய 'டி ஃபினிபஸ்' இருக்கிறது. மூன்றாம் பகுதியில் கேட்டோ என்பவர் ஸ்டோயிக் கொள்கையை முழு வலுவோடு எடுத்துச் சொல்வார், நான்காம் பகுதியில் சிசரோ அதை மறுப்பார். நம் பரபக்கம் சுபக்கம் முறையைப் பார்த்த மாதிரியே இருக்கும்.

ரங்கூனை இங்கே சொல்லாமல் போக முடியாது. பிளேட்டோவின் 'குடியரசு' நூலை 'பிளேட்டோவின் அரசியல்' என்று தமிழாக்கிய வெ. சாமிநாத சர்மா அங்கே 'ஜோதி' என்ற பத்திரிகையை நடத்தியவர். 1942இல் ஜப்பானியர் குண்டு போட்டபோது கால்நடையாக இந்தியாவுக்குத் தப்பிப் போனார். கிரேக்கச் சிந்தனையைத் தமிழில் சாதாரண வாசகனுக்குச் சொல்லும் வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்த மனிதர். அவருடைய தமிழ் கொஞ்சம் பழைய காலத்துத் தமிழ், ஆனால் தெளிவானது.

நியாயம், அரசியல் பக்கம் ஆர்வம் இருந்தால் மைக்கேல் சாண்டலின் 'ஜஸ்டிஸ்', 2009. ஹார்வர்டில் அவர் நடத்திய பாடம் அப்படியே இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ஃபுளோரிடாவில் 2004இல் சூறாவளி அடித்தபோது ஐஸ் கட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் கடைக்காரர்கள் விலையை ஏற்றியது சரியா என்று தொடங்கும். நம் ஊரில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது முகக்கவசத்துக்கு என்ன பாடு பட்டோம்! ஏப்ரலில் மூன்றடுக்கு முகக்கவசத்துக்கு 1 ரிங்கிட் 50 சென் என்று அரசாங்கம் உச்சவிலை வைத்தது. விலையை ஏறவிட்டால்தான் சரக்கு வேகமாக வரும் என்பது ஒரு வாதம். ஆபத்தில் இருப்பவனிடம் லாபம் பார்ப்பதே இழிவு என்பது இன்னொன்று. பணமில்லாதவனுக்கு அதைச் சுதந்திரமான வியாபாரம் என்று சொல்ல முடியுமா என்பது மூன்றாவது. சாண்டல் இந்த மூன்றுக்கும் தனித்தனியாக ஆள் பிடித்து நிறுத்துவார். நேரமிருந்தால் சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் எழுதிய 'த மித் ஆஃப் த லேசி நேட்டிவ்' நூலையும் படியுங்கள். தத்துவ அலமாரியில் வைக்கமாட்டார்கள், சமூகவியல் என்பார்கள். ஆனால் காலனிக்காரனின் தோட்டத்துக்குக் கூலியாக வராதவனைச் 'சோம்பேறி' என்று சொன்ன அந்தச் சொல் யாருக்கு உதவியது என்று அவர் அவிழ்க்கும் முறையில் நல்ல தத்துவப் பயிற்சி இருக்கிறது. தோட்டத்துத் தாத்தா பாட்டி கதை கேட்டு வளர்ந்த நமக்கு அது நேராக வந்து தைக்கும்.

இந்தியத் தத்துவத்துக்கு வருகிறேன். நம்மில் பலர் இது கோயில் சொற்பொழிவிலேயே கிடைத்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம். சொற்பொழிவில் பக்தி கிடைக்கும், கதை கிடைக்கும், வாதம் கிடைப்பது அரிது. மைசூர் ஹிரியண்ணா 1932இல் எழுதிய 'அவுட்லைன்ஸ் ஆஃப் இந்தியன் ஃபிலாசஃபி' இன்றும் நான் சிபாரிசு செய்யும் நூல். ஒவ்வொரு தரிசனத்தையும், அதாவது ஒவ்வொரு தத்துவ மரபையும், அதன் உள்ளே நின்று விளக்குவார். அதற்கு எதிர்க் கரையில் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா. 1959இல் 'லோகாயதா' எழுதியவர், 1964இல் பொது வாசகருக்காகவே ஓர் இந்தியத் தத்துவ அறிமுகமும் எழுதினார். கடவுளையும் ஆன்மாவையும் மறுத்த மரபுகள் இந்தியாவில் எவ்வளவு ஆழமானவை என்று காட்டுவதே அவர் நோக்கம். மார்க்சியர், சார்பு வெளிப்படையாகத் தெரியும், ஆனால் மறைக்கமாட்டார். தமிழில் நேராக எழுதப்பட்டவற்றில் ஜெயமோகனின் 'இந்து ஞானமரபில் ஆறு தரிசனங்கள்' நல்ல நுழைவாயில். அதையும் தேவிபிரசாத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் சாங்கியம் என்ற ஒரே தரிசனத்தை இருவரும் எப்படி வேறு வேறாகப் பார்க்கிறார்கள் என்று தெரியும். ஒன்றை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் பாதிதான்.

பழந்தமிழிலேயே இன்னும் ஆழமாகப் போக ஆசை வந்தால் 'நீலகேசி' இருக்கிறது. பேயாக இருந்தவள் சமண முனிவரால் மனம் மாறி, ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று எல்லோரோடும் வாதம் செய்கிற நூல். அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார். உரையில்லாமல் ஓடாது. உடனே எடுக்க வேண்டாம், இப்படி ஒன்று நம்மிடம் இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

கோலாலம்பூரிலேயே எழுதப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் 1894இல் அமைந்த பௌத்த மகா விகாரை இருக்கிறதல்லவா, அங்கே 1952 முதல் இருந்த கே. ஸ்ரீ தம்மானந்தா தேரர் 1964இல் 'வாட் புத்திஸ்ட்ஸ் பிலீவ்' என்ற நூலை வெளியிட்டார். இலவச விநியோகத்தில் உலகம் முழுக்கப் போன புத்தகம். மொழி அவ்வளவு எளிமை. நம்பிக்கையாளர் எழுதியது என்பதால் எதிர்வாதம் குறைவு, அதை 'மிலிந்த பஞ்ஹா' ஈடுசெய்யும். நாகசேனர் என்ற பௌத்தத் துறவியிடம் கிரேக்க அரசன் ஒருவன் விடாமல் கேள்வி கேட்கும் நூல் அது. 'நான்' என்று ஒன்று உண்டா என்பதற்குத் தேர் ஒன்றை உதாரணமாக வைத்து நாகசேனர் சொல்லும் பதிலை நேகலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

அலன் டி பாட்டனின் 'த கன்சோலேஷன்ஸ் ஆஃப் ஃபிலாசஃபி' பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆறு பேரை எடுத்துக்கொண்டு ஆறு துக்கத்துக்கு மருந்து சொல்வார். சுகமாகப் போகும், ஆனால் என் அளவுகோலில் அது உபதேசத்துக்குப் பக்கம். வாழ்க்கைக் கதையும் சிந்தனையும் கலந்து வேண்டுமென்றால் சாரா பேக்வெல் மேல். பிரெஞ்சுச் சிந்தனையாளர்களான மோன்டேய்ன் பற்றி 2010இலும், சார்த்தர், போவ்வார் வட்டம் பற்றி 2016இலும் எழுதியிருக்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவுக்கு அவருடைய நாவலே போதும். வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் 'அந்நியன்' தமிழில் இருக்கிறது.

எங்கே வாங்குவது? ஜார்ஜ்டவுனில் சௌராஸ்தா சந்தையின் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் முதலில் தேடுங்கள். ரஸ்ஸலும் டியூரண்டும் பழைய பதிப்புகளில் அங்கே அகப்படுகிறவர்கள். உள்நாட்டுச் சிந்தனை நூல்களுக்கு கெராக்புடாயா புத்தகக் கடை. கோலாலம்பூர் வந்தால் கே.எல்.சி.சி.யில் கினோகுனியா புத்தகக் கடையில் தத்துவத்துக்கென்று தனி அலமாரி உண்டு, விலை கையைக் கடிக்கும். ரஸ்ஸலின் 1912 நூல், மார்க்கஸ், எபிக்டெட்டஸ், பிளேட்டோ எல்லாம் குட்டன்பர்க் திட்டம் என்ற இணைய நூலகத்தில் காசில்லாமல் கிடைக்கும். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஏதாவது ஒரு விஷயத்தில் சந்தேகம் வந்தால் 1995 முதல் இயங்கும் ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம், கடினமாக இருந்தாலும் நம்பலாம்.

படிக்கும் முறை பற்றி ஒன்றுதான். அத்தியாயம் முடிந்ததும் சுருக்கம் எழுதாதீர்கள், ஒரு மறுப்பு எழுதுங்கள். இரண்டு வரி போதும். 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்ற குறளைத் தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்திருப்பீர்கள். யார்யார் வாய் என்பதில் இந்தப் புத்தகங்களின் ஆசிரியர்களும் அடக்கம், நானும் அடக்கம். ஷிஃப்ட் வேலையில் பெரிய நூல்களை ஒரே மூச்சில் முடிக்க முடியாது என்பது தெரியும். நேகலை மட்டும் இரண்டு தடவை படித்தாலே நல்ல தொடக்கம்.

தங்கைக்குப் பல்கலைக்கழகத்தில் 'ஃபால்சஃபா டான் இசு செமாசா' (தத்துவமும் நடப்பு விவகாரங்களும்) கட்டாயப் பாடமாக வந்திருக்கிறது, மனப்பாடம் செய்வதாகச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாடத்தை வீணாக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். நம் தேசியக் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவின் ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும் பற்றியது. நன்னடத்தை வெறும் பழக்கமா, எல்லோரையும் கட்டுப்படுத்தும் அறமா? இதற்குத் தேர்வுக்கு எழுத வேண்டிய பதில் ஒன்று இருக்கும், அதை எழுதட்டும். கூடவே நேகலின் ஏழாம் அத்தியாயத்தைப் படிக்கட்டும். நூலகத்தில் வேலை செய்யும் உங்களிடம், கிடைப்பதற்கு அரிய புத்தகம் ஒன்றைத் திருடிக்கொண்டு போக விடும்படி நண்பன் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று அது தொடங்கும். திருடுகிறவனுக்கு மற்றவரைப் பற்றிக் கவலையே இல்லையென்றால் அவனிடம் என்ன காரணம் சொல்ல முடியும் என்று கேட்டுக்கொண்டே போகும். அதே வாரத்தில் நீங்களும் அந்த அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள், பேசுவதற்கு வீட்டிலேயே ஆள் கிடைத்துவிடும்.